பாட்டுக்கு முந்திய ஒலிப்பதிவு

நம் மலைப் பங்குகளில் அண்மைக் காலமாக ஒரு விந்தையான வழக்கம் வேரூன்றி வருகிறது. திருவிழாக் கொடியேற்றத்துக்கு மூன்று மாதம் இருக்கும்போதே கோவையில் ஒலிப்பதிவுக் கூடத்தில் நாள் குறிக்கப்படுகிறது. கீபோர்டு வாசிப்பவருக்கு முன்பணம் போய்ச் சேருகிறது. வெளியீட்டு விழாவுக்கு யாரை அழைப்பது, அட்டைப் படத்தில் யார் யார் நிற்பது என்பதெல்லாம் முடிவாகின்றன. பாடல் மட்டும் இன்னும் எழுதப்படவில்லை. "அதற்கென்ன, போகிற பேருந்தில் எழுதிக்கொள்ளலாம்" என்று விடை வருகிறது. இவ்வழக்கத்துக்கு எதிராகவே இக்கட்டுரையை எழுதுகிறோம். பாட்டு எழுதுவதற்கென இருந்த நேரத்தை ஒலிப்பதிவு விழுங்கிவிட்டது என்பதும், இதனால் இசைஞனின் குடும்பத்தோடு இறைமக்களின் வழிபாடும் சேர்ந்து கெடுகிறது என்பதும் நமது குற்றச்சாட்டு.

யாரைப் பற்றிப் பேசுகிறோம் என்பதை முதலிலேயே தெளிவாக்கிவிடுவது நல்லது. இசையையே தொழிலாகக் கொண்டவர்களைப் பற்றி நமக்கு வழக்கு ஏதுமில்லை. அவர்களுக்கு ஒலிப்பதிவுக் கூடம் வயலும் களமும் போன்றது. நாம் பேசுவது ஆறு நாள் பிழைப்புக்கு உழைத்து, ஏழாம் நாள் ஆலயத்தில் ஆர்மோனியத்தின் முன் அமரும் பொதுநிலையினரைப் பற்றி. கீழ் கோத்தகிரிச் சரிவுகளில் இத்தகையோர் பலர் உண்டு. ஒருவர் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை பார்ப்பார். ஒருவர் பள்ளி ஆசிரியர். ஒருவர் அரை ஏக்கர் தேயிலை வைத்துக்கொண்டு பச்சைத் தேயிலை விலையை எண்ணிப் பெருமூச்சு விடுபவர். திருச்சபையின் பாடற்செல்வத்தில் பெரும்பகுதி இத்தகைய அரைநேர இசைஞர்களிடமிருந்தே வந்திருக்கிறது. ஆகவேதான் அவர்களுடைய நேரம் எங்கே போகிறது என்று கேட்கும் உரிமை திருச்சபைக்கு உண்டு என்கிறோம்.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். கோபுரம் கட்ட விரும்புகிறவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்கிட வேண்டும் என்று லூக்கா நற்செய்தியின் 14-ஆம் அதிகாரத்தில் ஆண்டவர் கற்பிக்கிறார் அல்லவா? காசுக்குச் சொன்னது நேரத்துக்கும் பொருந்தும். தொழிற்சாலையில் வேலை செய்யும் ஓர் இசைஞருக்குக் கொழுந்து மிகுந்து வரும் மாதங்களில் இரவு வேலையும் உண்டு. மற்ற நாட்களில் வீடு திரும்பி, குளித்து, பிள்ளைகளின் பாடப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்து முடிக்கும்போது, மாலையில் ஒரு மணி நேரம் எஞ்சினால் அதிகம். ஞாயிறன்று திருப்பலியும் மறைக்கல்வியும் முடிந்தபின் நான்கைந்து மணி நேரம். ஆக, வாரத்துக்கு ஏறத்தாழ 10 மணி, மாதத்துக்கு 40 மணி. இஃது அவருடைய முழு முதல். இதற்குள்தான் பாட்டும் பயிற்சியும் பதிவும் அடங்க வேண்டும்.

இப்பொழுது ஒரு பாடலை 'முறைப்படி' பதிவுசெய்யப் புறப்படுகிறார் என்று வைத்துக்கொள்வோம். முதல் ஞாயிறு, கீபோர்டு கலைஞரோடு அமர்ந்து டிராக் போடுவதற்கு. இரண்டாம் ஞாயிறு, குரல் பதிவுக்கு. மூன்றாம் ஞாயிறு, மிக்ஸிங் செய்வதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பதற்கு. பார்க்காவிட்டால் தபேலா குரலை அமுக்கிவிடும் என்று அச்சம். நான்காம் ஞாயிறு, கோடநாடு காட்சிமுனையில் வெள்ளைச் சட்டையோடு கைகளை விரித்து நிற்கும் காணொளிப் படப்பிடிப்புக்கு. கீழ் கோத்தகிரியிலிருந்து கோத்தகிரி வந்து, அங்கிருந்து மேட்டுப்பாளையத்துக்கு 33 கிலோமீட்டர் மலைப்பாதையில் இறங்கி, மறுபடியும் கோவைக்குப் பேருந்து ஏறுகிறவர்களுக்கு ஒரு ஞாயிறு என்பது விடியுமுன் தொடங்கி நள்ளிரவில் முடிவது. அந்த ஞாயிறுகளில் அவர் எங்கே திருப்பலி கண்டார் என்று கேட்டு அவரைச் சங்கடப்படுத்த நாம் விரும்பவில்லை. 40 மணி நேரமும் தீர்ந்துபோயிற்று என்பதை மட்டும் சொல்கிறோம். பாட்டு எழுதக் கிடைத்தது கொண்டை ஊசி வளைவுகளுக்கு இடைப்பட்ட நேரம்தான்.

பணக் கணக்கைப் பற்றி ஒரு வார்த்தை. பல வீடுகளில் ஒலிப்பதிவுச் செலவு மனைவியின் பெயரில் மகளிர் சுய உதவிக் குழுவில் எடுத்த கடனிலிருந்து வருகிறது. ஆண்டவருக்காகச் செய்கிறோம் என்ற சொல் அங்கே வாயடைக்கப் பயன்படுகிறது. தவணை கட்டுகிற அந்தச் சகோதரியின் பெயர் எந்த அட்டையிலும் அச்சாவதில்லை.

எழுதுவதற்கு அப்படி என்ன நேரம் தேவை என்று கேட்பார்கள். தேவைதான். வரும் ஞாயிறின் வாசகங்களை மூன்று முறை படிக்க நேரம் வேண்டும். படித்ததைச் செபிக்க வேண்டும். சொல் பொருந்துமா என்று வாய்விட்டுப் பாடிப் பார்க்க வேண்டும். எழுதியதை ஒரு வாரம் மூடிவைத்து மறுவாரம் திறந்து பார்க்க வேண்டும். நேற்று அழகாகத் தோன்றிய அடி இன்று வெறும் அடுக்குமொழியாகத் தோன்றினால் அடிக்க வேண்டும். இவற்றுள் ஒன்றுகூடப் பேருந்தில் நடவாது.

தமிழுக்கென்று தனி ஆபத்தும் இருக்கிறது. நம் மொழியில் குறிலும் நெடிலும் பொருளையே மாற்றுபவை. 'மகன்' என்ற சொல்லின் இரண்டாம் எழுத்தின்மேல் மெட்டு நீண்டு நின்றுவிட்டால் அது 'மகான்' ஆகிவிடுகிறது. இறைமகனை ஒரு மகானாக்குவது சிறிய பிழையன்று. திருச்சபையின் முதல் பொதுச்சங்கம் கி.பி. 325-இல் நிசேயாவில் கூடியதே இறைமகன் யார் என்பதை உறுதிப்படுத்தத்தான். லகர, ழகரக் குழப்பமும் இவ்வாறே. தம்மை வழி என்று அறிவித்த ஆண்டவர், கூடத்தில் அவசரமாகப் பாடிய குரலில் 'வலி' ஆகிறார். பலிபீடத்தின் 'பலி' 'பழி'யாகிறது. அன்னை மரியாவைப் பரிந்துபேசும் தாயாகப் பாட வேண்டிய இடத்தில், பாவத்தை மன்னிப்பவராகவே பாடிவிடும் வரிகளையும் கேட்கிறோம். இவையெல்லாம் தாளில் இருக்கும்வரை ஒரு பேனாக்கோடு போதும். பதிவான பிறகு சுட்டிக்காட்டினால், "டிராக்கில் அப்படித்தான் இருக்கிறது ஃபாதர்" என்ற பதில் கிடைக்கிறது. விசுவாசம் டிராக்குக்கு ஏற்பத் திருந்த வேண்டும் போலும்!

ஒலிப்பதிவுக் கருவி பாட்டின் உருவத்தையே தன் வசதிக்கு வெட்டித் தைக்கிறது என்பது புதுச் செய்தியன்று. எடிசன் 1877-இல் ஒலிவரைவியைக் கண்டுபிடித்தார். கிராமபோன் கம்பெனியின் கெய்ஸ்பெர்க் 1902-இல் கல்கத்தாவுக்கு வந்து இந்தியக் குரல்களைப் பதிவுசெய்தார். அக்கால இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் மூன்று நிமிடத்துக்குச் சற்று மேற்பட்ட அளவே அடங்கும். ஒரு மணி நேரம் இராகத்தை விரிக்கும் வித்துவான்கள் அந்தச் சிறுதட்டுக்குள் தம்மைச் சுருக்கிக்கொண்டார்கள். பின்னர் 1980-களில் ஒலிநாடா வந்தது. பக்கத்துக்கு அரைமணியாக ஒரு மணி நேர நாடா. அதை நிரப்பப் பத்துப் பன்னிரண்டு பாடல் வேண்டும். ஓர் அரைநேர இசைஞரிடம் ஆண்டில் இரண்டு நல்ல பாடல் பிறக்கலாம். மீதி எட்டும் நாடாவின் நீளத்துக்காகவே பிறந்தன. நம் வயதொத்தவர்களின் வீடுகளில் இன்னும் அந்த நாடாக்கள் பெட்டியில் கிடக்கின்றன. முதற்பக்கத்தின் முதற்பாடல் நினைவிருக்கும். இரண்டாம் பக்கம் யாருக்கும் நினைவிராது.

இன்று நாடா போய்விட்டது. யூடியூபில் ஒரே ஒரு பாடலை வெளியிடலாம். நிரப்ப வேண்டிய கட்டாயம் இல்லை என்பதால் எழுத நேரம் மிகுந்திருக்க வேண்டும் அன்றோ? நடந்தது வேறு. நாடா கேட்டது ஒலியை மட்டுமே. புதிய கருவியோ காட்சியையும் கேட்கிறது, முகத்தைக் கேட்கிறது, எத்தனை பேர் பார்த்தார்கள் என்ற எண்ணிக்கையை ஒவ்வொரு மணிக்கும் திரும்பிப் பார்க்கச் செய்கிறது. மாலையில் எஞ்சிய அந்த ஒரு மணி நேரமும் அந்த எண்ணைப் பார்ப்பதிலேயே கழிகிறது.

மாயூரம் வேதநாயகம் பிள்ளையை நம் இசைஞர்கள் அறிய வேண்டும். 1826-இல் திருச்சியை அடுத்த குளத்தூரில் பிறந்து 1889-இல் மறைந்த இக்கத்தோலிக்கப் பொதுநிலையினர், நீதிமன்றத்தில் மாவட்ட முன்சீப்பாகப் பணியாற்றியவர். வழக்குகளைக் கேட்டுத் தீர்ப்பெழுதியதோடு, 1805 முதல் 1861 வரையான நீதிமன்றத் தீர்ப்புகளைச் சுருக்கித் தமிழில் 'சித்தாந்த சங்கிரகம்' எனத் தந்தார். இத்தனை வேலைக்கிடையே 1859-இல் 'நீதிநூல்' வெளிவந்தது. பணி ஓய்வுக்குப் பின் 1878-இல் 'சர்வ சமய சமரசக் கீர்த்தனைகள்' நூலாயிற்று. அடுத்த ஆண்டில் தமிழின் முதல் நாவலான 'பிரதாப முதலியார் சரித்திரம்' வந்தது. பிற்காலத்தில் கச்சேரி மேடைகளில் கிறிஸ்தவரல்லாத வித்துவான்களும் அவருடைய கீர்த்தனைகளைப் பாடினார்கள். இந்தியாவில் முதல் இசைத்தட்டு பதிவாவதற்குப் பதின்மூன்று ஆண்டு முன்பே அவர் கண்மூடிவிட்டார். ஓர் அடியையும் அவர் பதிவுசெய்யவில்லை. எஞ்சிய நேரம் முழுவதும் எழுத்துக்கே கிடைத்தது. அவர் வாழ்ந்த காலத்தில் கருவி இல்லையே, இருந்திருந்தால் அவரும் ஓடியிருப்பார் என்று ஒருவர் சொல்லக்கூடும். இருக்கலாம். அப்படி ஓடியிருந்தால் 'நீதிநூல்' நமக்குக் கிடைத்திருக்குமா என்று திருப்பிக் கேட்கிறோம்.

இன்னோர் எடுத்துக்காட்டு உலகறிந்தது. 'அமைதியான இரவு' என்ற கிறிஸ்து பிறப்புப் பாடலின் சொற்களை யோசேப்பு மோர் என்னும் உதவிப் பங்குத்தந்தை 1816-இல் ஆஸ்திரிய மலைக்கிராமமான மரியாப்ஃபாரில் எழுதினார். இரண்டு ஆண்டு அச்சொற்கள் மெட்டின்றியே கிடந்தன. 1818 டிசம்பர் 24 அன்று ஓபெர்ன்டோர்ஃப் ஆலயத்துக்காக, பிரான்ஸ் சேவர் குரூபர் என்பவர் அதற்கு மெட்டமைத்தார். குரூபர் பக்கத்து ஊரான ஆர்ன்ஸ்டோர்ஃபில் பள்ளி ஆசிரியர். ஓபெர்ன்டோர்ஃபில் ஆர்கன் வாசித்ததோ அரைநேர வேலை. அன்றிரவு ஒரு கிதாரோடு இருவரும் பாடினார்கள். மெட்டு ஒரே நாளில் பிறந்ததே, பிறகு நேரம் ஏன் என்று கேட்பவர்கள் சொற்கள் இரண்டு ஆண்டு காத்திருந்ததை மறக்கக் கூடாது. அதன்பின் அப்பாடல் மலைப்பகுதிப் பாடற்குடும்பங்களின் வாய்வழியாக நாடுகடந்து பரவியது. இன்று உலகம் பாடும் மெட்டு குரூபர் எழுதிய மெட்டிலிருந்து சில இடங்களில் வேறுபடுகிறது. மக்கள் பாடிப் பாடி வழவழப்பாக்கியிருக்கிறார்கள். முதல் நாளிலேயே பதிவுசெய்து, இதுதான் மூலம், இதை மாற்றாதே என்று சொல்லியிருந்தால் அந்த மெருகேற்றம் நடந்திருக்குமா என்பது ஐயமே.

நம் மலைக்கே வருவோம். கோத்தகிரிக்குப் பெயர் தந்த கோத்தர்கள் இரும்படித்தவர்கள், மரம் இழைத்தவர்கள், மட்பாண்டம் வனைந்தவர்கள். அதே கைகள்தாம் 'கொள்' என்னும் குழலை ஏந்தி, ஒருகாலத்தில் அண்டை மக்களின் இறுதிச் சடங்குகளிலும் இசைத்தன. உலைக்களத்துக்கும் குழலுக்கும் இடையே நேரத்தைப் பகிர்ந்துகொண்ட அவர்களைவிட அரைநேர இசைஞர் வேறு யார்? தோடர்களிடையே ஏறக்குறைய எல்லாருமே நிகழ்ச்சிக்கேற்பப் பாட்டுக் கட்டக்கூடியவர்கள். மொழியியலறிஞர் எமனோ 1935 முதல் 1938 வரை இம்மலையில் தங்கி அப்பாடல்களைச் செவிமடுத்து எழுதினார். 'தோடர் பாடல்கள்' என்ற அவரது பெருநூல் 1971-இல்தான் வெளிவந்தது. மூன்று ஆண்டு கேட்டு, முப்பது ஆண்டுக்கு மேல் உழைத்திருக்கிறார். பாட்டுக் கட்டியவர்கள் யாரும் அந்த நூலுக்காகக் காத்திருக்கவில்லை. 1964-ஆம் ஆண்டின் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பின் இலங்கையிலிருந்து இத்தோட்டங்களுக்கு வந்த தாய்மார்களும் ஒப்பாரியையும் தாலாட்டையும் செபமாலைப் பாடல்களையும் நெஞ்சிலேயே சுமந்து வந்தார்கள். கப்பலில் ஏற்றிய பெட்டியில் ஒலிநாடா இருந்ததாக நாம் கேள்விப்படவில்லை.

இதற்கு வரும் மறுப்புகளை நாம் அறிவோம். "பதிவுசெய்யாவிட்டால் பாட்டு அழிந்துபோகும்" என்பது முதல் மறுப்பு. இதில் உண்மை இல்லாமலில்லை. மேற்சொன்ன தாய்மார்களில் பலர் மறைந்துவிட்டார்கள். அவர்கள் பாடியவற்றில் பல அவர்களோடு போய்விட்டன. அவற்றைக் கைப்பேசியில் பதிவுசெய்து வைக்க இன்று ஐந்து நிமிடம் போதும். காசு வேண்டா, கோவைக்குப் போக வேண்டா. மறவாமைக்காகச் செய்யும் இப்பதிவை நாம் வரவேற்கிறோம், வற்புறுத்தவும் செய்கிறோம். நோயுற்றுப் படுக்கையில் இருப்போருக்கும், தொலைவில் வேலைக்குப் போன பிள்ளைகளுக்கும், மெட்டுக் கற்க வேண்டிய கிளைப்பங்குகளுக்கும் பதிவு பேருதவி. 1977-இல் திருச்சியில் தொடங்கிய கலைக்காவிரி போன்ற நிறுவனங்கள், பயிற்சிபெற்ற கலைஞர்களைக் கொண்டு செய்த பணியை யார் குறைகூற முடியும்? கலைக்காவிரி செய்ததை ஒவ்வொரு பங்கும், ஒவ்வொரு அன்பியமும், ஒவ்வொரு திருவிழாவுக்கும் செய்தே தீர வேண்டும் என்ற போட்டியைத்தான் எதிர்க்கிறோம்.

"ஆண்டவருக்குப் புதிய பாடல் வேண்டும் என்று திருப்பாடல்கள் 96-உம் 98-உம் கேட்கின்றனவே" என்பது இரண்டாம் மறுப்பு. புனித அகுஸ்தினார் ஒரு மறையுரையில் இதற்கு விளக்கம் தருகிறார்: புதிய மனிதனே புதிய பாடலைப் பாடத் தெரிந்தவன் என்பது அவர் கருத்து. புதுமை பாடுகிறவனுடைய வாழ்வில் தொடங்குகிறது. அதே அகுஸ்தினார் தம் 'ஒப்புதல்கள்' நூலின் பத்தாம் பகுதியில், பாடப்பட்ட பொருளைவிடப் பாடிய குரலே தம்மைக் கவர்ந்த வேளைகளில் தாம் குற்றம் செய்ததாகவே கருதுவதாக எழுதுகிறார். நான்காம் நூற்றாண்டு மனிதருக்கு வந்த இந்த ஐயம், எதிரொலியும் குரல்திருத்தும் மென்பொருளும் கூடிய இக்காலத்துப் பாடகர் எவருக்கேனும் வந்ததுண்டா?

மூன்றாவது மறுப்பு இளைஞர்களை முன்வைத்து வருகிறது. கூடத்துக்குப் போக விடாவிட்டால் அவர்கள் ஆலயத்தைவிட்டே போய்விடுவார்கள் என்கிறார்கள். இளைஞரை நாம் இவ்வளவு தாழ்வாக மதிப்பிடவில்லை. கடினமான வேலையைத் தந்து பார்த்தவர்களுக்கு அவர்களுடைய ஆற்றல் தெரியும்.

ஆலயத்துக்குள் நடப்பதையும் சொல்லியாக வேண்டும். பதிவான பாடலின் டிராக் பென் டிரைவில் ஏறி, திருப்பலியில் ஒலிபெருக்கி வழியே வருகிறது. பாடகர் குழு அதன்மேல் பாடுகிறது. வாடகைப் பாடகியின் குரலுக்கேற்ப ஐந்து கட்டையில் போட்ட டிராக்கை இரண்டரைக் கட்டையில் பாடிப் பழகிய மக்கள் எட்ட முடியாமல் வாய்மூடி நிற்கிறார்கள். வருகைப் பவனி பீடத்தை அடைந்து குரு காத்துநிற்க, கருவியின் இடையிசை இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. நிறுத்தினால் பாதியில் அறுந்ததுபோல் ஆகும் என்று எவரும் நிறுத்துவதில்லை. முதியவர் ஒருவர் சற்று மெதுவாகப் பாடினால் காத்திருக்க டிராக்குக்குத் தெரியாது. பன்னிரண்டாம் பயஸ் காலத்தில், 1958 செப்டம்பர் 3 அன்று, திருச்சடங்குப் பேராயம் வெளியிட்ட போதனை, ஒலித்தட்டு, வானொலி, ஒலிநாடா முதலிய கருவிகளைத் திருவழிபாட்டில் பயன்படுத்துவதைத் தடைசெய்தது. 1973-இல் சிறுவர் திருப்பலிக்கென வந்த நெறிமுறை, மிகுந்த எச்சரிக்கையோடு அதுவும் ஆயர் பேரவையின் விதிகளுக்கு உட்பட்டே இத்தகைய இசையை அனுமதிக்கிறது. நாம் எச்சரிக்கையை விட்டுவிட்டு அனுமதியை மட்டும் பெரியவர்களுக்கும் எடுத்துக்கொண்டோம்.

எல்லாப் பழியையும் இசைஞர் தலையில் சுமத்துவது நேர்மையாகாது. திருவிழாவுக்குப் புதிய இசைத்தொகுப்பு வெளியிட்டால்தான் பங்குக்குப் பெருமை என்று எண்ணும் பங்குத்தந்தையரும் பங்குப் பேரவைகளும் இருக்கிறார்கள். பக்கத்துப் பங்கில் வெளியிட்டுவிட்டார்களே என்ற சொல் எத்தனை ஞாயிறுகளைத் தின்றிருக்கிறது! அதே பேரவைகள், பாடல் நோட்டுக்குத் தாள் வாங்கக் கேட்டால் அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிவைக்கும். பாட்டே வீண் வேலை என்று வீட்டில் ஏசும் பெரியவர்களையும் நாம் ஆதரிக்கவில்லை. அவர்களது ஏச்சு இளைஞனைக் கூடத்தை நோக்கியே துரத்துகிறது. உழைப்புக்கு ஒரு காணொளியையாவது சான்றாகக் காட்ட வேண்டியிருக்கிறதே அவனுக்கு.

நாம் கேட்பது இதுதான். ஒரு பாடல் எழுதப்பட்டபின் ஒரு முழு வழிபாட்டு ஆண்டு மக்கள் வாயில் இருக்கட்டும். திருவருகைக் காலத்தில் தொடங்கிய பாடல் கிறிஸ்து அரசர் பெருவிழாவைக் கடந்தபின் பதிவுக்குப் போகட்டும். தவக்காலப் பாடலாயின் இரண்டு தவக்காலங்கள் பொறுக்கலாம். அதற்குள் மக்கள் தாமாக விட்டுவிட்ட அடிகள் எவை, நீட்டிய இடங்கள் எவை, சுருதி எங்கே இறங்கியது என்பதெல்லாம் தெரிந்துவிடும். பங்குத்தந்தை சொற்களைப் படித்துப் பார்த்திருப்பார். அதன்பின் கூடத்தில் ஒரே நாளில் வேலை முடியும், ஏனெனில் பாடுகிறவர்களுக்குப் பாட்டுத் தெரிந்திருக்கும். நேரப் பங்கீட்டுக்கு அளவு கேட்பவர்களுக்கு நம் அளவு: மூன்று பங்கு எழுத்துக்கும் பயிற்சிக்கும், ஒரு பங்கு பதிவுக்கு. இதைவிடத் தாராளமாக இருக்க நம்மால் முடியவில்லை.

அந்த மூன்று பங்கை எங்கே செலவிடுவது என்பதற்கும் பெரிய வேலை ஒன்று காத்திருக்கிறது. ஞாயிறு திருப்பலியின் பதிலுரைப் பாடலைப் பாருங்கள். இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பின் 1969-இல் வந்த வாசக ஒழுங்கு மூன்றாண்டுச் சுழற்சி கொண்டது. ஆண்டுக்கு 52 ஞாயிறு எனின், மூன்றாண்டில் ஏறத்தாழ 156 ஞாயிறுகள். இவற்றுக்குரிய பதிலுரைப் பாடல்களைப் பெரும்பாலான சிற்றாலயங்களில் வாசித்தே முடித்துவிடுகிறோம். ஏன்? யாரும் மெட்டமைப்பதில்லை. பதிலுரைப் பாடல் இசைத்தொகுப்பில் இடம்பெறாது, அடுத்த வாரம் அதை யாரும் தேட மாட்டார்கள், ஆகவே அதற்கு நேரம் ஒதுக்குவாரில்லை. நன்றிப் பாடல்களோ குவிந்துகிடக்கின்றன. சங்கத்தின் திருவழிபாடு பற்றிய ஏடு, 1963 டிசம்பர் 4 அன்று வெளியானது, தன் 121-ஆம் எண்ணில் இசையமைப்பாளர்களிடம் கேட்பதும் இதுவே: பெரிய குழுக்களுக்கு மட்டுமன்றிச் சிறிய குழுக்களுக்கும் முழுச் சபையின் பங்கேற்புக்கும் உதவும் இசையை இயற்றுங்கள், சொற்களைத் திருநூலிலிருந்தும் திருவழிபாட்டு ஊற்றுகளிலிருந்தும் எடுங்கள் என்கிறது. ஒரு பல்லவிக்கு எளிய மெட்டு. மக்கள் ஒருமுறை கேட்டுத் திருப்பிப் பாடக்கூடியது. ஓர் அரைநேர இசைஞருக்கு அஃது ஒரு மாலைப்பொழுதின் வேலை, மிஞ்சினால் இரண்டு. தவறிப்போனாலும் நட்டமில்லை, மூன்று ஆண்டு கழித்து அதே திருப்பாடல் திரும்ப வரும், அப்பொழுது திருத்திக்கொள்ளலாம்.

கீழ் கோத்தகிரிப் பகுதித் தோட்டங்களிலிருந்து இதற்கு முன்வரும் இசைஞர்கள் ஞாயிறு பிற்பகல் இரண்டு மணிக்கு மறைக்கல்வி அறைக்கு வரலாம். ஆர்மோனியம் இருக்கிறது, கட்டைகளில் ஒன்று மட்டும் ஒட்டிக்கொள்கிறது. வாசக நூலின் மூன்று ஆண்டுத் தொகுதிகளும் அலமாரியில் உள்ளன. சாவி உபதேசியாரிடம்.